ஸ்கூல்ல மூக்குல அடிக்கிற ஃப்ளூ வேக்சின், போடலாமா? ஊசியே பெட்டரா?

ஹாரோ_அம்மா:
வணக்கம் மக்களே. பையனுக்கு 6 வயசு, லண்டன்ல படிக்கிறான். நேத்து ஸ்கூல்ல இருந்து ஃப்ளூ வேக்சின் கன்சென்ட் ஃபார்ம் வந்துச்சு, ஊசி இல்லையாம், மூக்குல ஸ்ப்ரேவாம். இவனுக்கு ஊசின்னா உயிரே போயிடும், போன தடவ ரெண்டு பேர் புடிச்சும் திமிறிட்டு ஓடிட்டான், அதனால எனக்கு அப்பாடான்னு இருக்கு. ஆனா திருச்சில இருந்து அம்மா "தும்முனா வெளிய வந்துடாதாடி, மூக்குல அடிச்சது எப்படி வேலை செய்யும்"னு கேக்குறாங்க, பதில் சொல்லத் தெரியல. டிசம்பர்ல அவங்க இங்க வர்றாங்க, சுகர் வேற இருக்கு, இவன் ஸ்கூல்ல எதையாவது வாங்கிட்டு வந்து அவங்களுக்கு ஒட்டிடுவானோன்னு தான் பயம். இவனுக்கு குளிர் காலத்துல வீசிங்கும் வரும். தெரிஞ்சவங்க சொல்லுங்க ப்ளீஸ்.

ஊசிக்கார_அக்கா:
நான் இங்க ஸ்கூல் வேக்சின் டீம்ல தான்மா வேலை பாக்குறேன். ஒரு மூக்குத் துவாரத்துக்கு வெறும் 0.1 மில்லி, புஸ்ஸுன்னு ஒரு செகண்ட். உறிஞ்ச வேணாம், சும்மா மூச்சு விட்டா போதும், தும்முனாலும் மூக்கு சிந்துனாலும் திரும்ப போடத் தேவையில்ல. ஒண்ணு மட்டும் முன்னாடியே புள்ளைகிட்ட சொல்லி வைங்க, அது பாக்க சிரிஞ்ச் மாதிரியே இருக்கும், ஊசி மட்டும் இருக்காது. பாதில ஒரு குட்டி கிளிப் இருக்கும், அது வரைக்கும் ஒரு மூக்குல அடிச்சிட்டு கிளிப்ப கழட்டி மீதிய அடுத்த மூக்குல அடிப்போம். உருவத்தப் பாத்தே அழற புள்ளைங்க, முடிஞ்சதும் "அவ்ளோதானா"ன்னு கேட்டுட்டு போகும்.
வீசிங் விஷயத்த ஃபார்ம்ல மறைக்காம எழுதுங்க. கடைசி 3 நாள்ல வீசிங் அதிகமா இருந்தா அன்னிக்கு ஸ்ப்ரே அடிக்க மாட்டோம். இதுல பன்றி ஜெலட்டின் இருக்கு, வேணாம்னு நினைக்கிறவங்க ஊசி கேட்டு வாங்கிக்கலாம்.

லேப்_தம்பி:
ஹாரோ அக்கா, உங்க அம்மா கேட்டது நல்ல கேள்வி. ஃப்ளூ வைரஸ் உள்ள வர்றதே மூக்கு வழியா தான். கையில போடற ஊசி ரத்தத்துல ஆன்டிபாடி, அதாவது கிருமிய எதிர்க்கிற புரதம், உண்டாக்கும், நோய் முத்தாம காப்பாத்தும், ஆனா மூக்கோட ஈரமான உள் தோல்ல ஐஜிஏன்னு ஒரு வேற ஆன்டிபாடி தான் காவல், அத உசுப்பி விட அங்கயே மருந்து படணும். இந்த ஸ்ப்ரேல இருக்கறது உயிருள்ள, ஆனா வலு குறைச்ச வைரஸ். மூக்கோட குளிர்ச்சில தான் வளரும், நுரையீரல் சூட்டுல வளர முடியாத மாதிரி பண்ணிருக்காங்க. அம்மாகிட்ட போலியோ சொட்டு மருந்து மாதிரின்னு சொல்லுங்க, போலியோ குடல் வழியா வந்துச்சு, மருந்த வாயில விட்டாங்க. அதே கணக்கு தான்.
ஆனா இது எல்லா வருஷமும் ஒரே மாதிரி வேலை செய்யல, அதையும் சொல்லணும். அமெரிக்கால 2003ல இருந்து இருக்கு, ஆனா எச்1என்1ங்கற ஃப்ளூ வகை கிட்ட சரியா வேலை செய்யலன்னு 2016ல ரெண்டு சீசனுக்கு பரிந்துரைய நிறுத்திட்டாங்க, வைரஸ் வகைய மாத்தின அப்பறம் தான் 2018ல திரும்ப வந்துச்சு.

மடிப்பாக்கம்_காரன்:
நம்ம ஊர்ல கோவிட்டுக்கு இன்கோவேக்னு மூக்குல விடற வேக்சின் வந்தது ஞாபகம் இருக்கா? 2023 ஜனவரி 26ல அறிமுகமாச்சு, நான் பூஸ்டரா போட்டுக்கிட்டேன், தனியார்ல வரி இல்லாம 800 ரூபா. தலைய அண்ணாந்து வச்சுக்கிட்டு மூக்குக்கு 4 சொட்டு, மொத்தம் 8, கொஞ்சம் தொண்டைல இறங்கி கசந்துச்சு, அவ்ளோதான், கை வலி காய்ச்சல் எதுவும் இல்ல. இந்த மாதிரி மருந்து கிராமம் கிராமமா போகும்னு அவ்ளோ ஆசையா இருந்தேன், நடக்கவே இல்லன்னு இன்னிக்கும் வருத்தம் தான்.

லேப்_தம்பி:
அண்ணா, அதுக்கு அனுமதி குடுத்ததே ஆன்டிபாடி அளவ வச்சு தான், எத்தனை பேருக்கு நோய் வராம தடுத்துச்சுங்கற கணக்க வச்சு இல்ல. ஆக்ஸ்ஃபோர்ட் யுனிவர்சிட்டியும் அவங்க கோவிட் வேக்சின மூக்குல ஸ்ப்ரேவா அடிச்சு பாத்தாங்க, 2022ல வந்த முடிவுல கொஞ்சம் பேருக்கு தான் மூக்குல ஆன்டிபாடி வந்துச்சு. ஊசி மருந்த அப்படியே மூக்குல விட்டா ஆகாது, மூக்குக்குன்னே செய்யணும். அது நடந்தா பரவறதையே குறைக்கலாம்ங்கறது தான் எங்கள மாதிரி ஆளுங்க நம்பிக்கை.

ஊசிக்கார_அக்கா:
ஹாரோ அம்மா, உங்க அம்மாவுக்கு ஸ்ப்ரே கிடையாது, இங்க அது புள்ளைங்களுக்கு மட்டும் தான். ஃப்ளைட் ஏறுறதுக்கு ரெண்டு வாரம் முன்னாடியே ஊர்ல ஃப்ளூ ஊசி போட்டுக்கச் சொல்லுங்க.

ஹாரோ_அம்மா:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. போலியோ சொட்டுன்னு சொன்னதும் அம்மா "அப்படியா, உனக்கும் வரிசையில நின்னு நான் தானே போட்டேன்"னு சமாதானம் ஆயிட்டாங்க. ஃபார்ம்ல வீசிங் விவரம், இன்ஹேலர் பேர் எல்லாம் எழுதி பையில வச்சிட்டேன். அம்மா நவம்பர்லயே ஊசி போட்டுக்கறாங்களாம்.