நீடில் ஃபெல்டிங்: குத்தக் குத்த உருண்டை இறுகவில்லை, ஊசியும் உடைகிறது

கேள்வி:
வணக்கம். வீட்டில் நீடில் ஃபெல்டிங் (கம்பளி இழையை ஊசியால் குத்திக் குத்தி இறுக்கி உருவம் செய்வது) பழக ஆரம்பித்திருக்கிறேன். ஒரு சிட்டுக்குருவி செய்ய ஆசை. உடம்புக்கான உருண்டையை எவ்வளவு நேரம் குத்தினாலும் பஞ்சு மாதிரி அமுங்குகிறது. மேலெல்லாம் பிசிறு. ஊசி முனையும் அடிக்கடி உடைகிறது. ஆன்லைனில் வாங்கிய கிட். கம்பளி என்றுதான் போட்டிருந்தது. எதைச் சரிசெய்ய வேண்டும்?

பதில் 1:
முதலில் அது கம்பளிதானா என்று பாருங்கள். ஓர் இழையை இடுக்கியில் பிடித்துக் கொளுத்துங்கள். பக்கத்தில் தண்ணீர் இருக்கட்டும். கம்பளி என்றால் முடி கருகும் நாற்றம் வரும், சாம்பல் பொடியாக உதிரும். அக்ரிலிக் என்ற செயற்கை இழை என்றால் உருகி, ஆறியதும் கெட்டி மணியாகிவிடும். ஆட்டு ரோமத்தின் மேல் நுண்ணிய செதில்கள் உண்டு. ஊசியின் ஓரத்திலுள்ள வெட்டுகள் இழைகளை உள்ளே தள்ளும்போது அவை ஒன்றோடொன்று பிடித்துக்கொள்ளும். அக்ரிலிக்கும் ஓரளவு சேரும், ஆனால் அந்த இறுக்கம் வராது.

பதில் 2:
ஊசி உடைவதற்குப் பெரும்பாலும் கைதான் காரணம். எந்தச் சாய்வில் உள்ளே போனதோ அதே சாய்வில் வெளியே எடுங்கள். ஊசி உள்ளே இருக்கும்போது மணிக்கட்டைத் திருப்பவே கூடாது. அடியில் தடிமனான ஸ்பாஞ்ச் வேண்டும். அப்புறம், நம்பர் கூடக்கூட ஊசி மெலிது: தொடக்கத்துக்கு 36, உருவம் பிடிக்க 38, பிசிறை அடக்க 40. வீட்டில் குழந்தைகள் இருந்தால், உடைந்த முனையைத் தேடி எடுத்த பிறகே வேலையைத் தொடருங்கள்.

கேள்வி கேட்டவர்:
கொளுத்திப் பார்த்தேன், முடி நாற்றம்தான் வருகிறது. ஆனால் இது நாடா மாதிரி நீளமாக, வழுவழுப்பாக இருக்கிறதே?

பதில் 1:
சரி, அப்படியானால் அது சீவிய கம்பளி. இழையெல்லாம் ஒரே திசையில் படுத்திருப்பதால்தான் இறுக மறுக்கிறது. மேல் நிறத்துக்கு அருமையானது, உள்ளுடம்புக்குச் சிரமம். கத்தரிக்காமல் கையாலேயே சிறு துண்டுகளாகப் பிய்த்து, குறுக்கும் நெடுக்குமாக அடுக்கி, இறுக்கிச் சுருட்டிய பிறகு குத்துங்கள். முதலில் ஊசி நடுவரை போகட்டும். உள்ளே கெட்டியானதும் மேலோட்டமாகக் குத்தலாம். சுற்றிச் சுற்றித் திருப்பிக் குத்தாவிட்டால் ஒரு பக்கம் தட்டையாகிவிடும். அடுத்த முறை உள்ளுடம்புக்குக் கார்டிங் செய்த (முள்பலகையில் கோதிய) கம்பளி கேட்டு வாங்குங்கள். அதில் இழைகள் நாலா திசையிலும் கிடக்கும், சீக்கிரம் இறுகும்.

பதில் 2:
அலகையும் வாலையும் தனியாகச் செய்வீர்கள் இல்லையா? அவற்றின் அடிப்பக்க இழைகளைக் குத்தாமல் தளர்வாக விட்டுவையுங்கள். உடம்போடு சேர்க்கும்போது அந்த இழைகள்தான் பிடிக்கும், பசை தேவைப்படாது.