போலந்துக்காரரின் பகிடி, பிரிட்டிஷ்காரரின் பகிடி: நீங்கள் பார்த்ததைச் சொல்லுங்கள்

ஹரோ, லண்டன்

நான் பார்க் ரோயலில் ஒரு உணவுத் தொழிற்சாலையில் வேலை செய்கிறேன். இரவு ஷிப்டில் பாதிப் பேர் போலந்துக்காரர், மேற்பார்வையாளர்கள் பிரிட்டிஷ்காரர், மிச்சம் எங்கள் ஆட்கள். ஒரு நாள் பெல்ட் இறுகி நின்று, சாண்ட்விச் தட்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி, முட்டையும் மயோனைஸும் நிலமெல்லாம் வழிந்து கிடந்தது. மேற்பார்வையாளர் வந்து இடுப்பில் கை வைத்துப் பார்த்தார். "கொஞ்சம் ஒழுங்கில்லாமல் கிடக்குது போல" என்றார். அவருடைய பகிடி அவ்வளவுதான். பக்கத்தில் நின்ற போலந்து மெக்கானிக் முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல் தொடங்கினார்: "நாளைக்கு மேலிடத்திலிருந்து ஒரு குழு வரும். முட்டை ஏன் விழுந்தது என்று மூன்று மாதம் ஆராயும். கடைசியில் முட்டைக்குப் பதவி உயர்வு கொடுத்துக் கோழியை வேலையை விட்டுத் தூக்கும்."

எங்கள் ஆட்கள் இரண்டுக்கும் சிரித்தார்கள். ஆனால் அவர் சொன்னதற்கு இவரோ, இவர் சொன்னதற்கு அவரோ சிரிக்கவில்லை. அன்றிலிருந்து கவனிக்கிறேன். பிரிட்டிஷ்காரர் பெரிய சேதத்தைச் சின்னதாக்கிச் சிரிக்கிறார். போலந்துக்காரர் அதையே ஊதிப் பெரிதாக்கி, மேலே இருப்பவன் தலையில் போட்டுச் சிரிக்கிறார்.

இதற்கு வரலாறும் உண்டு என்று நினைக்கிறேன். 1940இல் போலந்து விமானிகளின் 303ஆவது ஸ்குவாட்ரன் எங்கள் பக்கத்து நோர்தோல்ட்டிலிருந்துதான் பறந்து சண்டை பிடித்தது. அந்த நாட்களில் குண்டு விழுந்து முன்சுவர் போன லண்டன் கடைகளில் "வழக்கத்தைவிட அதிகமாகத் திறந்திருக்கிறது" என்று எழுதி வைத்தார்கள். ஜெர்மானியர் பிடித்திருந்த வார்சாவில் தலைமறைவு இளைஞர்கள் சுவரில் எழுதியது வேறு: "சினிமாவில் உட்கார்ந்திருப்பவை பன்றிகள் மட்டுமே." போலந்து மொழியில் அது எதுகையோடு வரும். தியேட்டரில் ஓடியது ஜெர்மானியப் பிரசாரம், வசூலும் அவர்களுக்கே. லண்டன் கடைக்காரருக்குத் தன் சொந்த அட்டையால் ஆபத்தில்லை. வார்சாவில் எழுதும்போது அகப்பட்டால் உயிர் போகும். அப்படி உயிரைப் பணயம் வைத்துச் சொன்ன பகிடிக்கு ஒரு இலக்கு இருந்தே ஆகவேண்டும்.

இரு பக்கத்தாரோடும் பழகியவர்கள் எழுதுங்கள்.

பீட்டர்பரோ

கிடங்கு வேலை. புதிதாகச் சேர்ந்த போலந்துப் பையன் ஒருநாள் முடிவெட்டிக்கொண்டு வந்தான். எங்கள் ஃபோர்க்லிஃப்ட் டிரைவர், இந்த ஊர்க்காரர், எல்லோர் முன்னாலும் "வெட்டினவன் மேல் கேஸ் போட்டாச்சா?" என்று கேட்டார். பையன் மதிய இடைவேளை முழுக்கத் தனியே உட்கார்ந்திருந்தான். அவனிடம் போய்ப் பேசினேன். "எனக்கும் அவருக்கும் என்ன பழக்கம்? பழகாத ஆள் என் தலையைப் பற்றிப் பேசலாமா?" என்றான்.

இந்த ஊரில் கலாய்ப்பதுதான் பழக்கத்தின் முதல் படி. உன்னோடு மரியாதையாக மட்டும் பேசினால் இன்னும் சேர்த்துக்கொள்ளவில்லை என்று பொருள். போலந்தில் வரிசை தலைகீழ்: முதலில் மரியாதை, பிறகு நட்பு, அதற்கும் பிறகுதான் கிண்டல். ஆனால் நட்பான பின் அவர்கள் கலாய்க்கும் கலாய்ப்பு இருக்கிறதே, அதைப் பிரிட்டிஷ்காரர் தாங்க மாட்டார். இப்போது அந்தப் பையன் டிரைவருடைய கால்பந்து அணியை வாரம் தவறாமல் வாங்கு வாங்கென்று வாங்குகிறான். டிரைவருக்கு அதில் பெரிய சந்தோஷம்.

வ்ரோத்ஸ்வாஃப், போலந்து

இங்கே மென்பொருள் வேலையில் இருக்கிறேன். வாடிக்கையாளர் இங்கிலாந்தில், லீட்ஸ் பக்கம். அங்கிருந்து வந்த ஒரு மூத்தவர் கூட்டத்தை இப்படித் தொடங்கினார்: "என்னை ஏன் பேசச் சொன்னார்கள் என்று தெரியவில்லை, எனக்கு இதில் ஒன்றும் தெரியாது." அந்த அமைப்பை வடிவமைத்தவரே அவர்தான். அவரோடு வந்தவர்கள் சிரித்தார்கள். என் பக்கத்தில் இருந்த போலந்துப் பொறியாளர் மடிக்கணினியைப் பாதி மூடிவிட்டு, "தெரிந்தவரை அனுப்பியிருக்கலாமே" என்று என் காதில் சொன்னார். அவர் கேலியாகச் சொல்லவில்லை, உண்மையிலேயே கவலைப்பட்டார். இடைவேளையில் விஷயத்தைச் சொன்ன பிறகுதான் கேள்வி கேட்கவே ஆரம்பித்தார். இங்கே நிபுணர் என்றால் முதலில் தன் எடையைக் காட்டவேண்டும், தமாஷ் அப்புறம்.

அன்று மாலை எல்லோரும் ஊர்ச் சதுக்கத்தில் உட்கார்ந்தபோது அதே பொறியாளர் ஒரு துணுக்கு சொன்னார். போலந்தில் ஒரு போலந்துக்காரன், ஒரு ரஷ்யன், ஒரு ஜெர்மானியன் மூவரும் வரும் துணுக்குகள் ஏராளம். பிசாசு மூவரையும் பிடித்து ஆளுக்கு ஒரு காலி அறையும் இரண்டு இரும்பு உருண்டையும் கொடுக்கிறது. "என்னை ஆச்சரியப்படுத்துகிறவனை விட்டுவிடுகிறேன்." ஜெர்மானியன் உருண்டைகளை வைத்து வித்தை காட்டுகிறான், ரஷ்யன் அதைவிடப் பெரிய வித்தை காட்டுகிறான், பிசாசு அசையவில்லை. போலந்துக்காரனின் அறையைத் திறந்தால் பிசாசு வாய் பிளந்து நிற்கிறது. அவன் ஒன்றைத் தொலைத்துவிட்டான், இன்னொன்றை உடைத்துவிட்டான்.

லீட்ஸ்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். அவர் நாட்டிலும் ஆங்கிலேயன், ஐரிஷ்காரன், ஸ்காட்லாந்துக்காரன் என்று மூவர் துணுக்கு உண்டு. அதில் பெரும்பாலும் முட்டாள் ஆவது ஐரிஷ்காரன், அதனால் இப்போது அலுவலகத்தில் அதைச் சொல்லவே பலர் தயங்குகிறார்கள். போலந்துத் துணுக்கில் சொந்த ஆள்தான் சொதப்புகிறான், சொதப்பியே இரண்டு பெரிய அண்டை நாட்டுக்காரர்களையும் ஜெயிக்கிறான். அந்த இரண்டு நாடுகளுக்கு நடுவே அகப்பட்ட வரலாற்றைத் தெரிந்து கேட்டால் அந்தச் சிரிப்புக்குள் எவ்வளவு வலி இருக்கிறது என்பது புரியும்.

ஹரோ நண்பர் மேலிடத்தைப் பற்றிச் சொன்னதற்கு இந்த ஊரே சாட்சி. 1980களில் சுவரில் கம்யூனிஸ்ட் அரசை எதிர்த்து எழுதினால் போலீஸ் வெள்ளையடித்து மறைக்கும். அந்த வெள்ளைத் திட்டுகளின் மேல் வால்டெமார் ஃபிட்ரிஹும் அவர் நண்பர்களும் குள்ளர் படம் வரைந்தார்கள். 'ஆரஞ்சு மாற்று' என்பது அந்த இயக்கத்தின் பெயர். 1988 ஜூன் 1 அன்று ஆயிரக்கணக்கானோர் ஆரஞ்சுத் தொப்பி போட்டுக்கொண்டு குள்ளர்களாக ஷ்வித்னித்ஸ்கா தெருவில் இறங்கினார்கள். குள்ளரைக் கைது செய்கிற போலீஸைப் பார்த்து ஊர் சிரித்த பிறகு பயம் எங்கே நிற்கும்? 2001இல் அதே தெருவில் முதல் குள்ளர் சிலை வைத்தார்கள். இன்று ஊரெங்கும் நூற்றுக்கணக்கில் வெண்கலக் குள்ளர்கள். சுற்றுலா வருகிறவர்கள் தலையைத் தடவிப் படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள். கதை தெரிந்து எடுத்தால் எனக்குச் சந்தோஷமாக இருக்கும்.

ஸ்லவ்

மருத்துவமனையில் செவிலியர். முதியவர்களிடம் இந்த வித்தியாசம் பளிச்சென்று தெரியும். இடுப்பெலும்பு அறுவை முடிந்து படுத்திருந்த ஒரு பிரிட்டிஷ் தாத்தாவிடம் எப்படி இருக்கிறீர்கள் என்றேன். "மோசமில்லை, ராத்திரி நடனத்துக்கு மட்டும் வர முடியாது" என்றார். வலி மாத்திரை வேண்டுமா என்றால் வேண்டாம் என்பார், முகமெல்லாம் வேர்த்திருக்கும். அவர் சொல்வதை நம்பாமல் முகத்தைப் பார்த்துத்தான் மருந்து கொடுக்கவேண்டும்.

அடுத்த படுக்கையில் ஒரு போலந்துப் பாட்டி. அதே கேள்விக்கு முட்டி, முதுகு, மருமகள், சூப்பில் உப்பில்லாதது என்று வரிசையாக வரும். முடிவில், "இந்த வயதில் காலையில் எழுந்து எங்கும் வலிக்கவில்லை என்றால் செத்துவிட்டோம் என்று அர்த்தம்" என்று கண்ணைச் சிமிட்டுவார். போலந்தில் பலரும் சொல்லுகிற பேச்சுதானாம். குறை சொல்வதே அவர்களுக்குச் சேர்ந்து உட்கார ஒரு சாக்கு. நாமும் ஒரு குறையைச் சொன்னால் முகம் மலர்ந்துவிடும்.

1981 முதல் 1989 வரை அங்கே இறைச்சிக்கு ரேஷன் அட்டை இருந்ததை அவர்தான் சொன்னார். கூடவே அந்தக் காலத்துத் துணுக்கு ஒன்று: ஒருவர் கடைக்குள் நுழைந்து "உங்களிடம் இறைச்சி இல்லையா?" என்று கேட்கிறார். கடைக்காரம்மா: "எங்களிடம் மீன்தான் இல்லை. இறைச்சி இல்லாத கடை எதிரே இருக்கிறது."

கிராகோவ்

நான் இங்கே படிக்கிறேன். மேலே உள்ளவற்றைக் கொஞ்சம் மறுக்க வேண்டியிருக்கிறது. என் வகுப்பில் உள்ள போலந்துக்காரர்கள் பிரிட்டிஷ் நகைச்சுவையிலேயே ஊறியவர்கள். அபத்த நகைச்சுவைக்குப் பேர்போன மான்டி பைத்தன் என்ற பிரிட்டிஷ் குழுவை இங்கே கொண்டாடுகிறார்கள். அதைப் போலந்து மொழிக்குக் கொண்டுவந்த தோமாஷ் பெக்ஷின்ஸ்கியின் பெயர் இன்றும் பலருக்குத் தெரியும். ஆகவே அபத்தம் இவர்களுக்குப் புதிதல்ல. இங்கே படிக்க வந்த ஒரு மான்செஸ்டர் பையனுக்கோ போலந்து நகைச்சுவை என்று ஒன்று இருப்பதே தெரிந்திருக்கவில்லை. புரிதல் ஒரு பக்கமாகவே ஓடுகிறது. அது எனக்கு வருத்தம்தான்.

வார்சாவில் சோவியத் தலைவர் ஸ்டாலின் பரிசாகத் தந்த கலாசார மாளிகை இருக்கிறது. 1955இல் கட்டி முடித்தது, 237 மீட்டர் உயரம். நகரத்தை எங்கிருந்து பார்த்தால் அழகு என்று கேட்டால் அதன் உச்சியைக் காட்டுவார்கள், அங்கிருந்து மட்டும்தான் அந்தக் கட்டடம் கண்ணில் படாது. மான்செஸ்டர் பையன் இதை உடனே பிடித்துக்கொண்டான், எங்கள் ஊரிலும் இப்படி ஒரு கட்டடம் உண்டு என்றான்.

பீட்டர்பரோ

மறுபடியும் நான்தான். கிராகோவ் தம்பி சொன்னதற்கு ஒன்று சேர்க்கிறேன். 2005இல் பிரான்ஸில், போலந்து பிளம்பர் வந்து நம் வேலையைப் பறித்துவிடுவான் என்று பெரிய கூச்சல். போலந்துச் சுற்றுலாத் துறை கோபப்பட்டு அறிக்கை விடவில்லை. அழகான ஒரு இளைஞனைக் கையில் குழாயோடு நிறுத்திப் போஸ்டர் அடித்தது: "நான் போலந்திலேயே இருக்கிறேன், நீங்கள் வாருங்கள்." இதை எங்கள் ஃபோர்க்லிஃப்ட் டிரைவருக்குச் சொன்னபோது, "இதை நாங்கள் அடித்திருக்கவேண்டும்" என்றார். இங்கே ஒருவர் வாயிலிருந்து வருகிற உச்சகட்டப் பாராட்டு அது.