ஆட்டோபிளேயை அணைத்த பிறகும் விரலிகளில் குறுக்குவழிகள் முளைக்கின்றன: உதவி தேவை

அச்சுக்கடை, பினாங்கு:
வணக்கம். பினாங்கு லிட்டில் இந்தியாவில் ஒளிநகல், அச்சுக் கடை நடத்துகிறேன். வாடிக்கையாளர்களுக்கென்று நான்கு கணினிகள்: மூன்றில் விண்டோஸ் 10 ஹோம், ஒன்றில் புரோ. இரண்டு வாரங்களாக அவற்றில் செருகும் விரலிகளில் (பென்டிரைவ்) கோப்புறைகள் மறைந்து, அதே பெயரில் குறுக்குவழிகள் (ஷார்ட்கட்) மட்டும் நிற்கின்றன. நேற்று ஒரு மாணவி ஆய்வேட்டை அச்சிட வந்தாள். ஐந்து மணிக்குள் ஒப்படைக்க வேண்டுமாம். விரலியில் ஒன்றும் இல்லை. அந்தப் பிள்ளை என் கடையில் நின்று அழுதது நெஞ்சை விட்டுப் போகவில்லை.

புரோ கணினியில், விண்டோஸ் அமைப்புகளைக் கட்டுப்படுத்தும் குழுக் கொள்கைத் திருத்தியில் 'டர்ன் ஆஃப் ஆட்டோபிளே'யை எல்லா இயக்கிகளுக்கும் இயக்கினேன். ஹோமில் அந்தத் திருத்தி இல்லை. ஆகவே விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமிக்கும் பதிவேட்டில் (ரெஜிஸ்ட்ரி), கரண்ட் யூசர் கிளையில், அதே வேலையைச் செய்யும் 'நோடிரைவ்டைப்ஆட்டோரன்' மதிப்புக்கு 255 இட்டேன். பயனில்லை.

ஆய்வகப் பொறுப்பாளர், கோலாலம்பூர்:
அக்கா, முதலில் அந்த மாணவியின் கோப்புகள். பெரும்பாலும் அவை அழிந்திருக்காது, மறைக்கப்பட்டிருக்கும். சுத்தமான கணினி ஒன்றின் கட்டளைச் சாளரத்தில், ஆட்ரிப் கட்டளையால் 'மறைவு', 'கணினிக்கோப்பு' என்னும் இரு அடையாளங்களையும் நீக்கச் சொல்லுங்கள். குறுக்குவழிகளை யாரும் சொடுக்க வேண்டாம்.

கரண்ட் யூசர் கிளையில் இட்டது உங்கள் கணக்கை மட்டுமே கட்டுப்படுத்தும். வாடிக்கையாளர்கள் வேறு கணக்கில் நுழைகிறார்களா? அப்படியென்றால் லோக்கல் மெஷின் கிளையில் இட வேண்டும். அங்கே மதிப்பு இருந்தால் பயனர் கிளையில் இருப்பது கணக்கில் கொள்ளப்படாது. இன்னொன்று: பதிவேட்டுப் பெட்டி இயல்பாகப் பதினாறடிமான எண்ணையே கேட்கும். அதில் 255 என்று தட்டினால் அது 597 ஆகிவிடும், சிடி இயக்கி கட்டுப்பாட்டிலிருந்து விடுபட்டுவிடும். சில விரலிகள் தம்மைச் சிடியாகக் காட்டிக்கொள்ளும் என்பதால் இது சிறிய பிழை அல்ல. எஃப்எஃப் என்று இடுங்கள், பதினாறடிமானத்தில் அதுதான் 255. அதன் பக்கத்திலேயே 'நோஆட்டோரன்' மதிப்பை 1 ஆக்குங்கள். புரோவில் இதற்கு ஈடானது 'செட் தி டிஃபால்ட் பிஹேவியர் ஃபார் ஆட்டோரன்'. ஆட்டோபிளே என்பது என்ன செய்யலாம் என்று கேட்கும் சாளரம். ஆட்டோரன் என்பது ஆட்டோரன்.இன்ஃப் கோப்பிலுள்ள கட்டளையை ஓட்டுவது. இரண்டையும் தனித்தனியே அடைக்க வேண்டும்.

அச்சுக்கடை, பினாங்கு:
ஆம், வாடிக்கையாளர்களுக்குத் தனிக் கணக்கு. 597தான் இருந்தது! திருத்திவிட்டேன். ஆனால் புரோ கணினியில் இன்னும் அதே தொல்லை.

ஆய்வகப் பொறுப்பாளர், கோலாலம்பூர்:
அங்கே ஆட்டோரன் குற்றவாளி இல்லை, அக்கா. 2008இல் கான்ஃபிக்கர் என்ற கணினிப்புழு விரலிகள் வழியாகப் பரவியபோது அதுதான் வாசல். விண்டோஸ் 7 முதல் விரலியின் ஆட்டோரன் கட்டளை தானாக ஓடுவதில்லை. இப்போது மனிதக் கைதான் சொடுக்குகிறது: கோப்புறை என்று நம்பிக் குறுக்குவழியைத் திறக்கிறார்கள். புரோவில் 'ரிமூவபிள் ஸ்டோரேஜ் ஆக்சஸ்' பகுதியில், நீக்கத்தக்க வட்டுகளிலிருந்து நிரலை இயக்கும் அனுமதியை மறுக்கலாம். விரலியைப் படிக்கலாம், அச்சிடலாம், நிரல் மட்டும் ஓடாது. ஆனாலும் ஓர் ஓட்டை உண்டு: விபிஎஸ் போன்ற ஸ்கிரிப்டை ஓட்டும் நிரல் சி இயக்கியில் இருக்கிறது, அதை இந்தத் தடை தொடாது. அந்த நிரலான விண்டோஸ் ஸ்கிரிப்ட் ஹோஸ்டைப் பதிவேட்டில் முடக்குங்கள். அச்சுக்கடைக்கு அது தேவைப்படாது. நான்கு கணினிகளையும் முழுமையாகத் துப்புரவாக்கிய பிறகே இதெல்லாம்.

அச்சுக்கடை, பினாங்கு:
நேற்றிரவு கடையை அடைத்துவிட்டு நான்கையும் துடைத்து நிறுவினேன். மாணவியின் ஆய்வேடு முழுமையாகக் கிடைத்தது. இன்று காலை காசு வாங்காமல் அச்சிட்டுக் கொடுத்தேன். வெறும் விரலி ஒன்றை நான்கிலும் செருகிப் பார்த்தேன், குறுக்குவழி எதுவும் முளைக்கவில்லை. நன்றி தம்பி.