ஓட்டப் பழகின 125 பைக்க விக்கப் போறேன், வாங்க வர்றவங்களும் புதுசா பழகறவங்க தான். எத சரி பண்ணிட்டு விக்கணும்?

மழைப்பாதை:
எல்லாருக்கும் வணக்கம். ரெண்டு வருஷமா என்கிட்ட இருக்கற 125 சிசி பைக்க விக்கலாம்னு இருக்கேன். சிங்கிள் சிலிண்டர், ஏர் கூல்டு, கார்புரேட்டர், 5 கியர், 21,000 கிலோமீட்டர் ஓடியிருக்கு, நான் செகண்ட்ஸ்ல வாங்கினது தான். நான் பைக் ஓட்டப் பழகினதே இதுல தான் அதனால மூணு தடவ கீழ போட்டிருக்கேன், மூணுமே யூ டர்ன் அடிக்கும்போது கிளட்ச்ச பட்டுன்னு விட்டு ஆஃப் ஆகி வலது பக்கமா சாஞ்சது, வேகத்துல எதுவும் இல்ல. முன் பிரேக் லிவர் முனைல இருக்கற உருண்டை தேஞ்சு பாதி தான் இருக்கு, ஹேண்டில் பார் முனை, சைலன்சர், ஃபுட்ரெஸ்ட்னு அந்தப் பக்கம் பூரா கோடு. கடைசி 4 மாசமா வண்டி சும்மா தான் நிக்குது.

இதுவரை ஃபோன் பண்ணின மூணு பேருமே புதுசா பழகறவங்க. அவங்களுக்கு எத பாக்கணும்னே தெரியல, "நல்லா ஓடுமா"ன்னு மட்டும் கேக்கறாங்க, அதான் எனக்கு உறுத்துது. பெயிண்ட் அடிச்சு புதுசு மாதிரி ஆக்கணுமா, இல்ல வேற எதுக்காவது செலவு பண்ணணுமா? அப்புறம் ஓட்டிப் பாக்கணும்னு கேட்டா ஓட்டவே தெரியாதவங்க கைல வண்டிய எப்படி குடுக்கறது?

சைடு ஸ்டாண்டு:
எதுக்குங்க செலவு பண்ணறீங்க, இருக்கறபடியே விலைய கொறச்சு குடுத்துடுங்க. வாங்கறவங்க அவங்களுக்கு தெரிஞ்ச மெக்கானிக் கிட்ட போய் பாத்துக்குவாங்க.

12-13 ஸ்பேனர்:
பெயிண்ட் வேண்டவே வேண்டாம்மா. பழகற வண்டில கோடு இருக்கும்னு எல்லாருக்கும் தெரியும், புது பெயிண்ட பாத்தா தான் அடியில என்ன இருக்கோன்னு சந்தேகம் வரும். லிவர மட்டும் மாத்திடு. அந்த உருண்டை அழகுக்கு வச்சது இல்ல, விழுந்தா லிவர் முனை உடம்புல குத்தக் கூடாதுன்னு வச்சது.

விலைய கொறச்சு அப்படியே தள்ளி விடுன்னு மேல சொன்னத நான் ஒத்துக்க மாட்டேன். அனுபவம் இருக்கறவனுக்கு விக்கறதுன்னா சரி, அவன் நாலு தெரு ஓட்டினாலே கிளட்ச் சரியில்ல, செயின் லூஸுன்னு சொல்லிடுவான். புதுசா பழகறவங்க அப்படி இல்ல, வண்டி எப்படி இருந்தாலும் வண்டின்னா இப்படித்தான் போலன்னு நெனப்பாங்க, தப்பு முழுக்க தன் மேலன்னு எடுத்துப்பாங்க. என்கிட்ட வண்டியோட வந்து "எனக்கு ஓட்டவே வரலண்ணே, வித்துடலாம்னு இருக்கேன்"னு சொன்னவங்க எத்தனையோ பேரு, ஓட்டிப் பாத்தா ஐடிலிங் நிக்காது, அதாவது த்ராட்டில் குடுக்காம இஞ்சின் தானா ஓடிட்டு நிக்காது. அதனால எந்தெந்த கோளாறு ஓட்டறவங்க தப்பு மாதிரி தெரியுமோ அத முதல்ல சரி பண்ணு.

4 மாசம் நின்ன வண்டின்னா முதல்ல கார்புரேட்டர், பெட்ரோலையும் காத்தையும் கலந்து இஞ்சினுக்கு அனுப்பறது அது தான். அடியில இருக்கற கிண்ணத்துல தேங்கின பெட்ரோல் ஆவியாகி பிசின் மாதிரி ஒட்டிக்கும், ஐடிலிங்குக்கு பெட்ரோல் விடற பைலட் ஜெட்டோட ஓட்டை ரொம்ப சின்னது, சீக்கிரம் அடைச்சுக்கும். அடைச்சா ஐடிலிங் நிக்காது, த்ராட்டில விட்டா ஆஃப் ஆகும், பழகறவங்க நாம தான் கிளட்ச்ச தப்பா விட்டோம்னு நெனப்பாங்க. பழைய பெட்ரோல வடிச்சுட்டு ஜெட்ட கழட்டி கிளீன் பண்ணி, இஞ்சின் சூடான பிறகு மேனுவல்ல இருக்கற ஆர்பிஎம்ல வை, இந்த மாதிரி வண்டிக்கு பெரும்பாலும் 1,400 பக்கம் இருக்கும்.

அடுத்தது கிளட்ச் கேபிள். லிவர் முனைல 10-ல இருந்து 20 மில்லிமீட்டர் ஃப்ரீ ப்ளே இருக்கணும், அதாவது கேபிள் இழுபட ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி லிவர் சும்மா ஆடற தூரம். லிவர் கிட்ட கேபிளோட தலை உக்கார்ற எடத்துல டார்ச் அடிச்சு பாரு, ஒரு இழை பிரிஞ்சிருந்தாலும் புதுசு போட்டுடு, அது அறுந்தா டிராஃபிக் நடுவுல தான் அறும். செயின ஒரே எடத்துல அளக்காத, சக்கரத்த கொஞ்சம் கொஞ்சமா சுத்தி நாலு எடத்துல பாரு. ஒரு எடத்துல இறுக்கமாவும் இன்னொரு எடத்துல தொங்கலாவும் இருந்தா செயின் தேஞ்சு போச்சு, முதல் கியர்ல தூக்கித் தூக்கிப் போடும்.

கடைசியா ஒண்ணு, இத நெறைய பேரு பாக்கறதே இல்ல. சென்டர் ஸ்டாண்டு போட்டு பின்பக்கத்த ஒருத்தர் அமுக்கிக்கிட்டா முன் சக்கரம் மேல வரும், அப்ப ஹேண்டில ஒரே விரலால மெதுவா இந்தப் பக்கம் அந்தப் பக்கம் தள்ளு. நேரா வர்ற எடத்துல ஒரு பள்ளத்துல விழுந்த மாதிரி நிக்குதான்னு பாரு. நின்னா ஹேண்டில் பேரிங் போச்சு. மெதுவா போகும்போது வண்டி நேரா போகாது, அலையும்.

நீலத்தொப்பி:
ஸ்பேனர் அண்ணன் டயர விட்டுட்டாரு. டயர் பக்கவாட்டுல ஒரு சின்ன வட்டத்துக்குள்ள 4 இலக்கம் இருக்கும், 0818-ன்னு இருந்தா 2018-ல 8-வது வாரம் செஞ்சதுன்னு அர்த்தம். பட்டன் நெறைய இருந்தாலும் பழைய டயர் கல்லு மாதிரி இறுகியிருக்கும், ஈரத்துல பிடிக்காது, பழகறவங்க பிரேக்க பதட்டத்துல அமுக்கறவங்க வேற. பிரேக் ஆயில் மாத்தி 2 வருஷம் ஆச்சுன்னா அதையும் மாத்திடுங்க, அது காத்துல இருக்கற ஈரத்த இழுத்துக்கும்.

ஓட்டிப் பாக்கறதுக்கு, நல்லா ஓட்டத் தெரிஞ்ச ஒருத்தர கூட்டிட்டு வாங்கன்னு ஃபோன்லயே சொல்லிடுங்க, இன்ஷூரன்ஸ் அடுத்தவங்க ஓட்டினா செல்லுமான்னும் முன்னாடியே பாத்து வைங்க. வாங்கறவங்கள இஞ்சின் ஆஃப்ல உக்கார வச்சு ரெண்டு காலும் எட்டுதான்னு பாருங்க, எறங்கி பத்தடி தள்ளிட்டு போயி திருப்பி கொண்டு வரச் சொல்லுங்க, வெயிட்ட சமாளிக்க முடியுமான்னு அதுலயே தெரிஞ்சிடும். அவங்க வர்றதுக்கு முன்னாடி இஞ்சின சூடு பண்ணி வைக்காதீங்க, விவரம் தெரிஞ்சவங்க வந்ததும் இஞ்சின தான் தொட்டுப் பாப்பாங்க.

ஃபோட்டோ விழுந்த பக்கத்துல இருந்தே எடுத்து போடுங்க. சேஸ் நம்பர், இஞ்சின் நம்பர் பேப்பரோட ஒத்துப்போகுதான்னு அவங்கள விட்டே படிக்கச் சொல்லுங்க. பேர் மாத்தற வேலைய அப்புறம் பாத்துக்கலாம்னு மட்டும் விட்றாதீங்க, அவங்க ஓட்டி ஏதாவது ஆனா தேடிட்டு வர்றது உங்க பேருக்கு தான்.

மழைப்பாதை:
பத்து நாள் கழிச்சு எழுதறேன். ஜெட் கிளீன் பண்ணியாச்சு, லிவர், கிளட்ச் கேபிள், பின் டயர் புதுசு, செயின் பரவால்லன்னு சொல்லிட்டாங்க. ஹேண்டில் டெஸ்ட் நானே பண்ணேன். விரலால தள்ளினேன், சரியா நடுவுல வந்து டக்குன்னு உக்காந்துச்சு. மறுபடி மறுபடி தள்ளிப் பாத்தேன், ஒவ்வொரு தடவையும் அதே எடம். ரெண்டு வருஷமா மெதுவா போனா எனக்கு பேலன்ஸ் வரலன்னு நெனச்சு எத்தனை நாள் காலி கிரவுண்டுல போயி எட்டு போட்டுப் பழகியிருக்கேன் தெரியுமா. பேரிங் மாத்தின அன்னைக்கு அதே கிரவுண்டுல ஒரு ரவுண்டு போனேன், யூ டர்ன் கால் ஊனாம வந்துச்சு, எறங்கி நின்னு அழுதுட்டேன்.

நேத்து ஒரு பொண்ணு அவங்க சித்தியோட வந்தாங்க, சித்தி ரொம்ப வருஷமா ஓட்டறவங்க. எங்கெங்க விழுந்துச்சுன்னு தொட்டுக் காட்டினேன், என்னென்ன மாத்தினேன்னு பில்லோட குடுத்தேன். பேரம் பேசாம அட்வான்ஸ் குடுத்துட்டாங்க, பேர் மாத்தினதும் சாவி. வேற ஏதாவது அவங்க கிட்ட சொல்லணுமாண்ணா?

12-13 ஸ்பேனர்:
சந்தோஷம்மா. ஒண்ணு இருக்கு. புது பேரிங் ஓட ஓட உக்காரும், அதனால 300 கிலோமீட்டர் பக்கம் ஓடினதும் ஹேண்டில் நட்ட ஒரு தடவ செக் பண்ணி இறுக்கணும். பிரேக் அடிக்கும்போது முன்னாடி லொட லொடன்னு சத்தம் வந்தா அதுக்கு முன்னாடியே வரச் சொல்லு. பில்லு பின்னாடி எழுதியே குடுத்துடு.