வீட்டையே இடிச்சாச்சு, அடித்தளத்துக்கு என்ன பாரம்பரிய மதிப்பு?

புறநகர்செல்வி:
பிலடெல்ஃபியா பக்கத்தில் இருக்கோம். எங்க தெருக்கோடியில் 1700-களில் கட்டின கல் வீடு ஒண்ணு இருந்தது, போன குளிர்காலம் இடிச்சுட்டாங்க. இப்போ புது வீடுகளுக்காகத் தோண்டும்போது பழைய அடித்தளம், ஒரு கிணறு, நிறைய பீங்கான் சில்லு எல்லாம் வந்திருக்கு. ஊர்க் கூட்டத்தில் பேசணும்னு அக்கம்பக்கத்தில் சொல்றாங்க. "வீடு இருந்தப்பவே காப்பாத்தல, வெறும் கல்லுக்கு என்ன மதிப்பு?"ன்னு கட்டுறவங்க கேட்கிறாங்க. என்ன பதில் சொல்றது?

கொத்தனார்மகன்:
அவங்க பக்கமும் யோசிங்க. தனியார் நிலம், தனியார் பணம். 1966-ல் வந்த தேசிய வரலாற்றுச் சின்னங்கள் பாதுகாப்புச் சட்டம் மத்திய அரசோட பணமோ அனுமதியோ இருந்தால்தான் குறுக்கே வரும். போட்டோ எடுத்துட்டு மூடிடலாம். வேலை நின்னா வட்டி ஏறும்.

ஓட்டாஞ்சில்லு:
அண்ணா சொன்ன சட்டம் சரி. "போட்டோ எடுத்துட்டு மூடிடலாம்" என்பதைத்தான் ஒத்துக்க முடியல.

செல்வி, ஒரு நாள் பிலடெல்ஃபியாவில் ஆறாவது தெருவும் மார்க்கெட் தெருவும் சந்திக்கிற மூலைக்குப் போயிட்டு வாங்க. வாஷிங்டன் அதிபரா 1790 முதல் 1797 வரை குடியிருந்த வீடு அங்கேதான் இருந்தது. 1832-ல் பெரும்பகுதியை இடிச்சாங்க, மிச்சச் சுவரும் 1951-ல் போச்சு. அதுக்கப்புறம் அந்த மண் மேலேயே பொதுக் கழிப்பறை கட்டினாங்க. ஆனாலும் 2007-ல் தோண்டினப்போ, விருந்தாளிகளை வரவேற்க வாஷிங்டன் சேர்த்துக் கட்டின வளைவு ஜன்னலோட அடித்தளம் கிடைச்சது. சமையலறை அடித்தளமும் கிடைச்சது. சமையல்கட்டிலிருந்து பெரிய வீட்டுக்குப் போற நிலத்தடி வழி ஒண்ணு வந்தது, அதை யாருமே எதிர்பார்க்கல.

அந்த வீட்டில் அடிமைகளா ஒன்பது பேரை வச்சிருந்தார். சமையல்காரர் ஹெர்குலிஸ் அவங்களில் ஒருத்தர். ஓனி ஜட்ஜ் என்கிற பெண் 1796-ல் அந்த வீட்டிலிருந்துதான் தப்பிச்சுப் போனாங்க. பென்சில்வேனியாவில் 1780-லேயே ஒரு சட்டம் வந்திருந்தது. வெளி மாநிலத்துக்காரர் கூட்டிட்டு வந்த அடிமை ஆறு மாசம் தொடர்ந்து இங்கே இருந்தால் விடுதலை கேட்கலாம். அதனால அந்தக் கெடு முடியறதுக்குள்ள அவங்களை எல்லை தாண்டி அனுப்பித் திரும்பக் கூட்டிட்டு வருவாங்க. இன்னைக்கு வீடு நின்னிருந்தா வரவேற்பறையைப் பார்த்து ரசிச்சுட்டு வந்திருப்போம். மண்ணுக்குள்ள வரவேற்பறையும் அவங்க நடந்த வழியும் ஒரே குழியில கிடந்தது. தோண்டும்போதே ஜனங்க லட்சக்கணக்கில் வந்து மேலேயிருந்து பார்த்தாங்க. 2010-லிருந்து கண்ணாடி வழியா எல்லாரும் பார்க்கலாம். உங்க தெருவில் இருந்த வீட்டிலும் பத்திரத்தில் பேர் இல்லாதவங்க வேலை செஞ்சிருப்பாங்க. அவங்க தடம் கிணத்துக்குள்ளேயும் கழிவுக் குழிக்குள்ளேயும்தான் இருக்கும்.

நான் தன்னார்வலரா ஒரு ஆய்வுக்கூடத்தில் சில்லு கழுவுறேன். களிமண் புகைக்குழாய்த் தண்டு வந்தால், நடுத் துளைக்குள் துரப்பண ஊசியை விட்டு அளப்போம். காலம் போகப்போகத் துளை சின்னதாகும். தட்டுத் துண்டுன்னா கவிழ்த்து, அடிவளையத்தில் மெருகு தேங்கின இடத்தைப் பார்ப்போம். மஞ்சள்பச்சை தெரிஞ்சா 1760-களுக்குப் பிந்தினது, நீலம் ஓடினா ஏறக்குறைய 1780-க்குப் பிந்தினது. ஆனா எந்த அடுக்கிலிருந்து வந்ததுன்னு தெரியாத சில்லு எங்களுக்கு முக்கால்வாசி ஊமைதான். அடித்தளக் கல்லை ஒட்டி ஒடுக்கமா ஒரு பள்ளம் மண் நிறம் மாறித் தெரியும். வீடு கட்டினப்போ தோண்டி மூடினது அது. வீட்டோட வயசை அதுக்குள்ள கிடக்கிற துண்டுதான் சொல்லும். புல்டோசர் அங்கே ஒரு தடவை போனாப் போதும், எல்லாம் கலந்துடும். பக்கத்து வீட்டுப் பிள்ளைங்க நினைவுக்குன்னு பொறுக்கிட்டுப் போறதையும் தயவுசெஞ்சு நிறுத்துங்க.

கொத்தனார்மகன்:
சரி, அப்போ கட்டவே கூடாதா?

ஓட்டாஞ்சில்லு:
தாராளமா கட்டலாம் அண்ணா. அதே பிலடெல்ஃபியாவில், அமெரிக்காவை உருவாக்கினவங்களில் ஒருத்தரான பெஞ்சமின் ஃபிராங்க்ளின் வீட்டை 1812-லேயே இடிச்சுட்டாங்க. வெளித்தோற்றம் சரியாத் தெரியாததால, 1976-ல் போலியா வீடு எழுப்பாம இரும்புச் சட்டத்தில் வெறும் உருவரை மட்டும் நிறுத்தினாங்க. அடித்தளத்தைக் குனிஞ்சு பார்க்கலாம். எனக்கு அந்த ஊரிலேயே பிடிச்ச இடம் அது. உங்க தெருவுக்கு அவ்வளவும் வேண்டாம். தொல்லியலாளர் ஒருத்தர் முறையாத் தோண்டிப் பதிவு செய்யற வரைக்கும் அந்த மூலையை மட்டும் விட்டுவைக்கச் சொல்லுங்க. கிணறு இருக்கிற இடத்தைப் பின்தோட்டமா மாத்த முடியுமான்னு கேளுங்க. வரலாற்று இடங்களுக்கான தேசியப் பதிவேட்டில் தகவல் தரக்கூடிய இடம் என்கிற அடிப்படையிலும் சேர்க்கலாம், மேலே கட்டடம் நிக்கணும்னு இல்லை.

புறநகர்செல்வி:
ரொம்ப நன்றி. கூட்டம் அடுத்த வாரம்தான். கிணத்துல மண் கொட்டப் போறதா இன்னைக்குப் பேச்சு அடிபடுது.

ஓட்டாஞ்சில்லு:
அப்போ கூட்டம் வரைக்கும் காத்திருக்காதீங்க. நாளைக்கே மாநிலப் பாரம்பரியப் பாதுகாப்பு அலுவலகத்துக்குப் படங்களோட எழுதி, இடத்தைப் பதிவு பண்ணச் சொல்லுங்க. படத்தில் அளவுகோல் ஒண்ணு வைங்க, வடக்கு எந்தப் பக்கம்னு குறிங்க. கூட்டம் முடியற வரை கிணத்தைத் தொடமாட்டோம்னு கட்டுறவங்ககிட்ட எழுத்தில் வாங்குங்க. ஒத்துக்கிட்டாங்கன்னா சனிக்கிழமை நானும் வர்றேன்.