எச்டிகாண்டார்: ஓடும் ஜாப்களைத் தொடாமல், ஹோல்டில் விழுந்ததை மட்டும் சரிசெய்ய என்ன வழி?

கேள்வி | மாலைப்பொழுது

பல இயந்திரங்களுக்கு வேலைகளைப் பிரித்து ஓட்டும் எச்டிகாண்டாரில், 4821 என்ற ஒரே கிளஸ்டர் (சேர்த்து சப்மிட் செய்த ஜாப்களின் தொகுப்பு) எண்ணில் 500 ஜாப் சப்மிட் ஆகியிருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் கேட்ட மெமரி 2048 எம்பி. வரிசையைக் காட்டும் காண்டார்_கியூ அடித்தால் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே வரி: 130 முடிந்தது, 310 ஓடுகிறது, 60 ஹோல்டு (நிறுத்திவைப்பு). மூன்று சந்தேகம்.

அந்த 60-க்கு மட்டும் மெமரியைக் கூட்டி மறுபடி ஓடவிட முடியுமா? 310 கலையக் கூடாது. அடுத்து, மற்றவை 40 நிமிடத்தில் முடிய, 4821.17 (அந்தக் கிளஸ்டரில் 17 என்ற எண்ணுள்ள ஜாப்) மட்டும் 9 மணி நேரமாக ஓடுகிறது. கொல்லலாமா? கடைசியாக, பழைய ஜாப் ஒன்றைக் காண்டார்_ஆர்எம் கொடுத்து நீக்கியும் எக்ஸ் நிலையிலேயே நிற்கிறது.

பதில் | வரிசைக்காவல்

ஒரே வரி வருவது பிழையில்லை, தொகுப்பாகக் காட்டுவதுதான் இப்போது இயல்பு. தனித்தனியாக வேண்டுமென்றால் -நோபேட்ச் சேருங்கள். ஆனால் முதலில் பார்க்க வேண்டியது இது:

காண்டார்_கியூ 4821 -ஹோல்ட்

ஒவ்வொரு ஜாப்பும் ஏன் நின்றது என்ற காரணம் வரும். "சிகுரூப் மெமரி எல்லை 2048 மெகாபைட்டைத் தாண்டியது" என்ற மாதிரி இருந்தால் (சிகுரூப் என்பது ஜாப்புக்கு மெமரி வரம்பு போடும் லினக்ஸ் வசதி) காரண எண் பெரும்பாலும் 34. இதை ஊகிக்காமல் காண்டார்_கியூவோடு -ஏஎஃப்:ஜே ஹோல்ட்ரீசன்கோட் (ஜாப் எண்ணையும் காரண எண்ணையும் மட்டும் காட்டும்) போட்டுப் பார்த்துவிடுங்கள். சில இடங்களில் நிர்வாகி வைத்த பொதுக் கொள்கைதான் ஜாப்பை நிறுத்தும், அப்போது எண் 26. எண் 13 என்றால் உள்ளீட்டுக் கோப்பு போய்ச் சேரவில்லை. அதற்கு மெமரியைக் கூட்டிப் பயனே இல்லை.

34 என்று உறுதியானதும், வரிசையில் உள்ள ஜாப்பின் விவரத்தை மாற்றும் கட்டளை:

காண்டார்_கியூஎடிட் -கன்ஸ்ட்ரெயின்ட் 'கிளஸ்டர்ஐடி == 4821 && ஜாப்ஸ்டேட்டஸ் == 5 && ஹோல்ட்ரீசன்கோட் == 34' ரிக்வெஸ்ட்மெமரி 4096

ஜாப்ஸ்டேட்டஸில் 5 என்றால் ஹோல்டு, 2 ஓடுவது, 1 காத்திருப்பது. எண்ணுக்கு அலகு எம்பி. ஒற்றை மேற்கோளை விட்டுவிடாதீர்கள், விட்டால் ஷெல் (நீங்கள் கட்டளை அடிக்கும் நிரல்) && குறியைத் தன்னுடையதாக எடுத்துக்கொண்டு பாதியிலேயே வெட்டிவிடும். பிறகு அதே நிபந்தனையை அப்படியே வைத்துக் காண்டார்_ரிலீஸ் கொடுங்கள். 60-ம் வரிசைக்குத் திரும்பும், 310 தன்பாட்டுக்கு ஓடும். எதையும் மாற்றும் முன் அதே நிபந்தனையைக் காண்டார்_கியூவுக்குக் கொடுத்து எத்தனை ஜாப் சிக்குகிறது என்று எண்ணிப் பார்ப்பது மிக நல்ல பழக்கம்.

ஹோல்டில் விழுந்த ஜாப்பின் தற்காலிகக் கோப்புறை அழிந்துவிடும். செக்பாயின்ட் (இடையில் சேமித்துக்கொள்ளும் நிலை) எழுதி வைக்காத புரோகிராம் என்றால் ரிலீஸ் ஆனதும் தொடக்கத்திலிருந்துதான் ஓடும். "கொஞ்ச நேரம் நிறுத்திவைக்கலாம்" என்று நினைத்து ஓடும் ஜாப்புக்குக் காண்டார்_ஹோல்ட் கொடுப்பவர்கள் மணிக்கணக்கான வேலையை இழப்பது இதனால்தான். அதற்குக் காண்டார்_சஸ்பெண்ட், திரும்ப ஓடவிடக் காண்டார்_கன்டின்யூ. என்ன, சஸ்பெண்டில் இருக்கும்வரை இடமும் மெமரியும் விடுபடாது.

எக்ஸ் நிலை: நீக்கச் சொல்லியாயிற்று, ஓடிய இயந்திரத்திலிருந்து பதில் வரவில்லை என்று பொருள். உடனே -ஃபோர்ஸ்எக்ஸ் போடாதீர்கள். அது உங்கள் பக்கத்து வரிசையிலிருந்து மட்டும் அழிக்கும், அங்கே ஜாப் ஓடிக்கொண்டே இருக்கலாம், கோப்புகளில் எழுதிக்கொண்டும் இருக்கலாம். தொடர்பு அறுந்த இயந்திரத்தில் ஜாப்பின் லீஸ் (தொடர்பில்லாமல் ஓட விடும் காலம்) பொதுவாக 2400 நொடி, அது தீர்ந்தால் அந்தப் பக்கம் தானாகவே கொல்லப்படும். அந்த 40 நிமிடம் கழிந்தும் நின்றால் -ஃபோர்ஸ்எக்ஸ் போடலாம்.

பதில் | நூலிழை

4821.17 பற்றி. கொல்லும் முன் உள்ளே போய்ப் பாருங்கள்:

காண்டார்_எஸ்எஸ்எச்_டு_ஜாப் 4821.17

ஜாப்பின் கோப்புறையிலேயே இறங்குவீர்கள். டாப் கட்டளை போட்டு சிபியு எவ்வளவு போகிறது, கோப்பு ஏதாவது வளர்கிறதா பாருங்கள். வெளியீடு மட்டும் போதுமென்றால் காண்டார்_டெயில் -எஃப் 4821.17. காண்டார்_கியூ காட்டும் சிபியு, மெமரி எண்களை இதற்கு நம்ப வேண்டாம். வரிசைக்கு அவை வந்து சேர வழக்கமாக 15 நிமிடம் வரை ஆகும்.

சிபியு பூஜ்யத்தில் கிடந்தால் காண்டார்_வெக்கேட்_ஜாப் 4821.17. ஜாப் வரிசையில் இருக்கும், ஓடும் இயந்திரத்தை விட்டு மட்டும் வெளியேறும். ஆனால் கெட்டுப்போன அதே இயந்திரத்துக்கே மறுபடி போகவும் வாய்ப்புண்டு. அதைத் தவிர்க்க ரிக்வயர்மென்ட்ஸை (எந்த இயந்திரத்தில் ஓடலாம் என்ற நிபந்தனை) மாற்றும்போது பலர் புதிய நிபந்தனையை மட்டும் எழுதிவிடுகிறார்கள். சப்மிட் செய்தபோது தானாகச் சேர்ந்த மெமரி, டிஸ்க், இயங்குதள நிபந்தனைகள் அத்தோடு போய்விடும். பழையதை -ஏஎஃப் ரிக்வயர்மென்ட்ஸ் கொடுத்து எடுத்து, முழுவதையும் அடைப்புக்குள் வைத்து, கடைசியில் && டார்கெட்.மெஷின் != "அந்த இயந்திரத்தின் முழுப்பெயர்" என்று ஒட்டுங்கள்.

இன்னொன்று: காண்டார்_ஆர்எம் 4821 என்றால் அந்தக் கிளஸ்டரில் வரிசையில் மிச்சமிருக்கும் எல்லா ஜாப்பும் போய்விடும். ஒன்றுக்கு மட்டும் என்றால் புள்ளிக்குப் பின் உள்ள எண் கட்டாயம்.

மாலைப்பொழுது

34-தான், 60-ம் கிளம்பிவிட்டது. மிக்க நன்றி. இதையே டாக்மேன் (ஒன்றையொன்று சார்ந்த ஜாப்களை வரிசைப்படி ஓட்டும் எச்டிகாண்டார் கருவி) வழியாக ஓட்டினாலும் இப்படிச் செய்யலாமா?

பதில் | வரிசைக்காவல்

கியூஎடிட், ரிலீஸ் இரண்டும் தாராளமாகச் செய்யலாம். ஹோல்டில் இருக்கும் நோடை (டாக்மேன் ஓட்டும் ஒரு படி) தோல்வி என்று டாக்மேன் எடுத்துக்கொள்ளாது, காத்திருக்கும். ஆர்எம் மட்டும் வேறு கதை: ஒரு நோடின் ஜாப்பை நீக்கினால் அந்த நோடே தோற்றதாகக் கணக்கு, அதே கிளஸ்டரின் மற்ற ஜாப்களையும் அது நீக்கிவிடும், அடுத்து வரவேண்டிய நோடுகளும் ஓடாது. முழுவதையும் நிறுத்த வேண்டுமென்றால் டாக்மேன் ஜாப்பின் எண்ணுக்கே ஆர்எம் கொடுங்கள். முடிந்த நோடுகளைக் குறித்துவைத்து .ரெஸ்க்யூ001 என்று முடியும் கோப்பை எழுதிவிட்டு நிற்கும். பிறகு பழைய டாக் கோப்பையே காண்டார்_சப்மிட்_டாக்குக்குக் கொடுத்தால் போதும், ரெஸ்க்யூ கோப்பை அதுவே கண்டுபிடித்து மிச்சத்தை மட்டும் ஓட்டும்.