கேஸ் ஸ்டடி ப்ராஜெக்ட்: எக்விஃபாக்ஸா, தெரிந்த நிறுவனமா?

வாசுகி:
வணக்கம். தகவல் பாதுகாப்பு முதுநிலைப் படிப்பில் கடைசி செமஸ்டர். தீசிஸுக்குப் பதிலா கேஸ் ஸ்டடி ப்ராஜெக்ட் எடுத்திருக்கேன். "நடந்த கதையை எழுதாதே, அதை வெச்சு வேலை செஞ்சு காட்டு"ன்னு கைடு சொல்லியிருக்கார். கையில் ரெண்டு யோசனை இருக்கு. ஒண்ணு, அமெரிக்கக் கடன் தகவல் நிறுவனமான எக்விஃபாக்ஸில் 2017-ல் நடந்த ஊடுருவல். ஆவணங்கள் நிறையக் கிடைக்குது, ஆனா எல்லாரும் எழுதித் தீர்த்த விஷயமாச்சேன்னு தயக்கம். இன்னொண்ணு, தெரிந்தவர் நடத்தும் சின்ன நிறுவனத்தின் நெட்வொர்க்கை ஆய்வு செய்வது. 14.7 கோடி பேரின் விவரம் போன ஒரு கேஸில் ஒரு மாணவி புதுசா செய்ய என்ன மிச்சம் இருக்கு? தேர்வாளர்கள் எதைப் பார்த்து மார்க் போடுவாங்க?

லாக்_வாசகன்:
எக்விஃபாக்ஸையே எடுங்க வாசுகி. இன்சிடென்ட் ரெஸ்பான்ஸ் (ஊடுருவல் நடந்தா விசாரிச்சுச் சரிசெய்வது) என் வேலை. இந்த மாதிரி ப்ராஜெக்ட்களுக்கு வெளித் தேர்வாளராவும் போறேன். கேஸ் பழசுங்கிறதுக்காக நான் மார்க் குறைச்சதே இல்லை. செய்தித் தொகுப்பா இருந்தா குறைப்பேன்.

"பேட்ச் (ஓட்டையை அடைக்கும் திருத்தம்) போடலை, அதனால உள்ளே வந்துட்டாங்க"ன்னு ஒரு வரியில் எல்லாரும் முடிச்சிடுறாங்க. தேதிகளை வரிசையா வெச்சுப் பாருங்க. வெப் அப்ளிகேஷன்கள் கட்ட உதவும் அப்பாச்சி ஸ்ட்ரட்ஸ் மென்பொருளில் இருந்த ஓட்டைக்கு 2017 மார்ச் 7-ல் திருத்தம் வந்தாச்சு. மறுநாளே அமெரிக்க அரசின் எச்சரிக்கை போகுது. 9-ம் தேதி நிறுவனத்துக்குள்ளேயே "48 மணி நேரத்துக்குள் பேட்ச் போடுங்க"ன்னு மெயில் சுத்துது. 15-ம் தேதி அந்த ஓட்டையைத் தேடி ஸ்கேன் ஓடுது, எதுவும் சிக்கலை. மே நடுவில் திருடர்கள் உள்ளே. ஜூலை 29-ல்தான் கண்டுபிடிக்கிறாங்க, செப்டம்பர் 7-ல் வெளியே சொல்றாங்க. ஆக கொள்கை இருந்தது, மெயில் போனது, ஸ்கேனும் ஓடியது. இத்தனை இருந்தும் ஏன் சிக்கலை? உங்க ப்ராஜெக்ட் முழுக்க இந்த ஒரு கேள்விதான் இருக்கணும்.

அமெரிக்கத் தணிக்கை அமைப்பான ஜிஏஓ 2018 ஆகஸ்டில் அறிக்கை தந்தது. அமெரிக்கப் பிரதிநிதிகள் சபைக் குழுவின் அறிக்கை அதே வருஷம் டிசம்பரில் வந்தது. மெயில் பட்டியல் புதுப்பிக்கப்படாததால் பேட்ச் போடவேண்டிய ஆட்களுக்கே அது போய்ச் சேரலைன்னு ஜிஏஓ சொல்லுது. ஸ்கேனர் மேல் டைரக்டரியை மட்டும் பார்த்தது, ஸ்ட்ரட்ஸ் உட்டைரக்டரியில் இருந்ததுன்னு சபைக் குழு சொல்லுது. இதைத்தான் லேபில் செஞ்சு காட்டணும். வெளித் தொடர்பே இல்லாத ஒரு விர்ச்சுவல் நெட்வொர்க்கில் ஸ்ட்ரட்ஸ் 2.3.31 ஏத்துங்க, திருத்தம் வந்தது 2.3.32-ல். அப்ளிகேஷனை உள்பாதையில் வெச்சுட்டு, ஒருமுறை மேல்பாதையை மட்டும் குறி வெச்சு ஸ்கேன் ஓட்டுங்க, அடுத்து சரியான பாதையைக் கொடுத்து ஓட்டுங்க. ரெண்டு ரிப்போர்ட்டையும் பக்கத்துப் பக்கத்தில் ஒட்டுங்க. முதல் ரிப்போர்ட் சுத்தமா வந்தா, அதைப் பார்த்து ஒரு மேனேஜர் என்ன முடிவெடுப்பார்னு எழுதுங்க. அந்தப் பக்கத்துக்கு நான் மனசார மார்க் போடுவேன்.

இன்னொரு இடம். மறைகுறியாக்கிய டிராஃபிக்கைப் பிரிச்சுப் பார்க்கும் கருவியில், அது வேலை செய்யத் தேவையான டிஜிட்டல் சான்றிதழ் காலாவதி ஆகியிருந்தது, அதைப் புதுப்பிச்சதும்தான் சந்தேகமான டிராஃபிக் கண்ணில் பட்டது. எவ்வளவு காலம் அப்படிக் கிடந்தது? ஜிஏஓ, ஊடுருவலுக்குச் சுமார் 10 மாதம் முன்பே காலாவதின்னு எழுதுது. சபைக் குழு 19 மாதம்ங்குது. எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை எண்ணினாலும் ரெண்டும் ஒத்துப்போகாது. பெரும்பாலான மாணவர்கள் ஒரு எண்ணை எடுத்துப் போட்டுட்டு நகர்ந்துடுவாங்க. நீங்க ரெண்டையும் எதிரெதிரா வெச்சு எழுதினா, மூல ஆவணத்தை நிஜமாவே படிச்சவர்னு தேர்வாளருக்குப் புரிஞ்சிடும்.

தணிக்கை_மேசை:
தெரிந்தவர் நிறுவனம்னா முதலில் எழுத்துமூல அனுமதி. வாய்வார்த்தை போதாது. எந்தச் சர்வர், எந்த ஐபி, எந்த நேரம், ஏதாவது நின்னுபோனா யாருக்குப் போன் செய்யணும்னு எல்லாம் அதில் இருக்கணும், கையெழுத்து போடுறவருக்கு அந்த அதிகாரமும் இருக்கணும். சர்வர் வாடகை ஹோஸ்டிங்கில் இருந்தா, ஹோஸ்டிங்காரங்க விதியும் உங்களைக் கட்டுப்படுத்தும். கண்டுபிடிக்கிற ஓட்டைகளை அப்படியே ப்ராஜெக்டில் எழுத முடியாது. நூலகத்தில் போய் உட்காரும் ஆவணம் அது. ஒரு செமஸ்டரில் அனுமதி வாங்கவே பாதி போயிடும்.

எக்விஃபாக்ஸ் சலிப்பா இருந்தா பிரிட்டிஷ் நூலகத்தைப் பாருங்க. 2023 அக்டோபரில் ரான்சம்வேர் (கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும்) தாக்குதல், 2024 மார்ச்சில் நூலகமே தன் அறிக்கையை வெளியிட்டது. 2020-ல் பன்முகச் சரிபார்ப்பை (பாஸ்வேர்டோட இன்னொரு சரிபார்ப்பும் கேட்பது) கொண்டுவந்தப்போ, நடைமுறைச் சிக்கல், செலவு காரணமா நூலக டொமைன் (உள் நெட்வொர்க்) இணைப்பை அதில் சேர்க்காம விட்டுட்டோம்னு அவங்களே எழுதியிருக்காங்க. ஒரு நிறுவனம் இவ்வளவு வெளிப்படையா எழுதுறது அபூர்வம்.

வாசுகி:
ரெண்டு பேருக்கும் நன்றி சார். எக்விஃபாக்ஸ்னு முடிவு பண்ணிட்டேன். ஒரு சந்தேகம். முடிவு தெரிஞ்ச பிறகு உட்கார்ந்து "இதைச் செஞ்சிருக்கணும்"னு எழுதுறது நியாயமா? கைடும் இதைக் கேட்பார்னு தோணுது.

லாக்_வாசகன்:
கட்டாயம் கேட்பார், நானும் கேட்பேன். அதுக்கு ஒரு வழி இருக்கு. ஒவ்வொரு தேதிக்கும் நேரா அன்னைக்கு யாருக்கு என்ன தெரிஞ்சிருந்தது, என்ன முடிவெடுத்தாங்க, எந்த ஆவணத்தின் எந்தப் பக்கத்தில் ஆதாரம்னு அட்டவணை போடுங்க. மார்ச் 15 மாலை அந்த டீம் கையில் இருந்தது சுத்தமான ஸ்கேன் ரிப்போர்ட் மட்டும்தான். அதை வெச்சுக்கிட்டு அவங்களை அலட்சியக்காரங்கன்னு திட்ட முடியாது. ஆனா எந்தச் சர்வரில் எந்த மென்பொருள் ஓடுதுன்னு முழுசான சொத்துப் பட்டியல் இல்லாம இருந்ததைக் கேட்கலாம், ஏன்னா அந்தக் குறை மார்ச் மாதத்துக்கு முன்பே இருந்தது. உங்க பரிந்துரை அங்கிருந்து வரட்டும். "பேட்ச் போடுங்க"ன்னு ஒரு பரிந்துரை எழுதினா நான் அதை அடிச்சுடுவேன். அந்த மெயிலை அவங்களே மார்ச் 9-ல் அனுப்பிட்டாங்க.

லேபை இந்த வாரமே தொடங்குங்க. பழைய ஸ்ட்ரட்ஸுக்கு ஒத்துப்போகிற ஜாவா, அப்ளிகேஷனை ஓட்டும் டாம்கேட் சர்வர் பதிப்புகளைப் பொருத்துறதுலதான் நேரம் கரையும். தொடங்கும் முன்னே ஒரு ஸ்னாப்ஷாட் (மெஷினின் அப்போதைய நிலையின் நகல்) எடுத்து வெச்சுக்குங்க. கைடு கிட்டயும் லேப் பொறுப்பாளர் கிட்டயும் நெட்வொர்க் வரைபடத்தைக் காட்டி ஒப்புதல் வாங்கிடுங்க, அந்தத் தாளையும் பின்னிணைப்பில் சேர்த்துடுங்க.